அலுமினியப் பெட்டியில் கம்ப்யூட்டர்: செய்யுமுன் சிந்திப்போம்

மளிகைக் கடையானாலும் மொத்த வியாபாரமானாலும், பில் போடவும் சரக்கு இருப்புப் பார்க்கவும் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்தத் தேவை இன்னும் கூடிவிட்டது. ஆனால் கல்லாவைச் சுற்றி நமக்கு இருக்கும் இடமோ மிகக் குறைவு. ஆகவே, கல்லாவுக்கு அடியில் உள்ள இடத்தை அளந்து, அலுமினியப் பட்டறையில் ஒரு பெட்டி செய்யச் சொல்லி, அதற்குள் கம்ப்யூட்டர் பாகங்களைப் பொருத்திக் கொள்ளலாமே என்ற எண்ணம் வணிகர்கள் சிலருக்கு வருகிறது.

இந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். செந்துரு பிடிக்காது. பார்வைக்கும் அழகு. ஆனாலும் பாதகங்களையும் கணக்கில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அளவுதான் முதல் சிக்கல்

15 கிலோ எண்ணெய் டின்னை எந்த மில்லில் வாங்கினாலும் நம் அலமாரித் தட்டில் பொருந்துகிறது. காரணம், டின்னின் அளவு ஏறக்குறைய ஒன்றே. கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு பொது அளவு உண்டு. 1995-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். முறை அது. முழு அளவு மதர்போர்டு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம். திருகுத் துளைகள் இருக்கும் இடம், பின்புறம் வயர் செருகும் திறப்பு, எஸ்.எம்.பி.எஸ். உட்காரும் இடம் எல்லாமே அதில் வரையறுக்கப்பட்டவை.

கதவும் ஜன்னலும் செய்யும் பட்டறையில் ஒரு மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. இங்கே அந்த ஒரு மி.மீ. தவறினால் திருகு இறங்காது. பிரிண்டர் வயர் சரியாகச் செருகாது. இன்றைய போர்டுக்கு அளவெடுத்துச் செய்த பெட்டியில், மூன்றாண்டு கழித்து வாங்கும் போர்டு பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. அப்போது பெட்டிக்கு மறுபடியும் ஒரு செலவு.

சூடு தானாகக் குறையாது

அலுமினியம் இரும்பைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மையே. ஆனால் சூடாகும் பிராசசர் பெட்டியைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. அதன் சூட்டை வெளியேற்றுவது காற்றோட்டம்தான். முன்னால் குளிர்ந்த காற்று நுழையவும், பின்னால் வெப்பக்காற்று வெளியேறவும் வழி இல்லாவிட்டால், எந்த உலோகத்தில் செய்தாலும் உள்ளே புழுங்கும். கல்லாவுக்கு அடியில் அடைத்து வைத்தால் கேட்கவே வேண்டாம்.

துளைகளைப் பெரிதாக வைத்தாலோ நம் கடைக்கே உரிய தொல்லைகள் வரும். மிளகாய்த் தூளும் கோதுமை மாவும் ஃபேன் வழியாக உள்ளே போய்ப் படியும். மூலையில் இடைவெளி இருந்தால் கரப்பான் பூச்சி குடியேறும், எலி வயரைக் கடிக்கும். ஆகவே துளைகளுக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வலை அவசியம்.

எர்த் விஷயத்தில் எச்சரிக்கை

அழகுக்காகப் பூசும் பெயிண்டும், அனடைஸ் செய்த மேற்பூச்சும் மின்சாரத்தைக் கடத்தா. தகடுகளுக்கு இடையே பூச்சு இருந்தால், எஸ்.எம்.பி.எஸ். வழியாக வரும் எர்த் எல்லாத் தகடுகளுக்கும் போய்ச் சேராது. உள்ளே ஒரு மின்வயர் பழுதாகி எர்த் இல்லாத தகட்டில் பட்டால், அந்தத் தகட்டைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. ஈரக் கையோடு வேலை செய்யும் கடைப் பையனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திருகு இறங்கும் இடங்களில் பூச்சைச் சுரண்டி, ஒவ்வொரு தகட்டுக்கும் எர்த் உண்டா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பது கட்டாயம்.

மரை தேய்வதும் உப்புக் காற்றும்

அலுமினியம் மெதுவான உலோகம். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து திருகு நிற்காது. ஒரே கனமுள்ள தகட்டில் அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு வளையும். ஃபேன் ஓடும்போது அதிர்ந்து இரைச்சல் போடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலும், உப்பு மூட்டை பக்கத்தில் இருக்கும் கடைகளிலும், இரும்புத் திருகும் பித்தளைக் காலும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். பட்டறையில் துளை போட்டபோது தங்கிய ஒரு சிறு சீவல் போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடும்.

பழுது வரும் நாளில்தான் கணக்குத் தெரியும்

மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர்கள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20-ந் தேதிக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். 10-ந் தேதி இரவு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். பொது அளவுக் கேபினட் என்றால் எந்த மெக்கானிக்கும் கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிவிட்டுப் போவார். நம் சொந்த அளவுப் பெட்டி என்றால், அதைத் திறக்கும் முறையையே அவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். பாகம் பொருந்தாவிட்டால் பட்டறைக்காரரைத் தேடி ஓட வேண்டும். அதற்குள் தேதி தாண்டிவிடும். தாமதக் கட்டணம் நம் தலையில் விழும். பெட்டிக்குக் கொடுத்த கூலியோடு இதுவும் ஒரு செலவு.

என்ன செய்யலாம்?

இடம்தான் குறை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 170 மி.மீ. சதுரத்தில் மினி ஐ.டி.எக்ஸ். போர்டுகள் கிடைக்கின்றன, அவற்றுக்கான சிறிய கேபினட்டுகளும் தயாராகவே விற்கின்றன. அலுமினியமே வேண்டும் என்பவர்கள், பொது அளவில் கம்பெனிகள் செய்து விற்கும் அலுமினியக் கேபினட்டை வாங்கலாம். பட்டறையில்தான் செய்வது என்று முடிவெடுத்தால், போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கையில் கொடுத்துப் பொது அளவிலேயே துளையிடச் செய்யுங்கள். திருகு இறங்கும் இடங்களில் எஃகு மரை பதிக்கச் சொல்லுங்கள். துளைகளை எல்லாம் போட்டுச் சீவலைச் சுத்தமாகத் துடைத்த பிறகே போர்டை உள்ளே வையுங்கள்.

பெட்டி எதுவானாலும், விற்பனைக் கணக்கின் நகல் ஒன்று தினமும் வேறு இடத்தில் இருக்கட்டும். பெட்டி போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம். பற்று வரவு போனால் திரும்பி வராது.