உறவு முறையும் மரபணுக் கணக்கும்

தமிழ்க் குடும்பங்களில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களாகவே கருதப்படுவதால், அவர்களுக்குள் மணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அத்தை பிள்ளைகளும் தாய்மாமன் பிள்ளைகளுமோ பிறந்த நாள் முதலே முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று உரிமையோடு சுட்டப்படுகின்றனர். அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வு நூலில் தமிழ் உறவுமுறையும் இடம்பெற்றது. அன்று தொட்டு இந்தப் பாகுபாடு அறிஞர்களின் கவனத்தை ஈர்த்து வந்துள்ளது. ஆனால் மரபணுவியலின் அளவுகோலில் சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒரே தொலைவில்தான் நிற்கின்றனர். இருவரில் எவரோடும் ஒருவருக்குள்ள மரபணுப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று.

இங்கே பங்கு என்பதற்கு ஒரு குறிப்பான பொருள் உண்டு. எந்த இரு மனிதரின் மரபணுத் தொகுதியும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அண்மைக் காலத்து மூதாதை ஒருவரிடமிருந்து இருவரும் பெற்ற அதே துண்டு எவ்வளவு என்பதே இக்கணக்கில் பார்க்கப்படுகிறது. உயிரணுவின் உட்கருவில் உள்ள 23 இணைக் குரோமோசோம்களில் ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தையுடையது, மற்றது தாயுடையது. எனவே ஒரு தலைமுறை இறங்கும்போதெல்லாம் குறிப்பிட்ட ஒரு மரபணுப் படி பிள்ளைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு பாதியாகிறது. இந்த அடிப்படையில் உறவின் நெருக்கத்தை எண்ணாக்கும் முறையை 1922இல் வகுத்தவர் அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட். அதன்படி பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலும் உடன்பிறந்தோர் இடையிலும் பங்கு பாதி. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும், தாத்தாவுக்கும் பேரனுக்கும் கால். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு இடையே அரைக்கால். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடையே 32இல் ஒன்று.

பெற்றோர், பிள்ளை உறவில் பாதி என்பது உறுதியான அளவு. பிற உறவுகளிலோ அது சராசரி மட்டுமே. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்ட பின்னரே பிரிகின்றன என்பதால், எந்தத் துண்டு எந்தப் பிள்ளைக்குப் போகும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. 4,400க்கும் மேற்பட்ட உடன்பிறந்தோர் இணைகளை அளந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் பங்கு ஏறத்தாழ 37 முதல் 62 விழுக்காடு வரை விரிந்திருந்தது.

உறவில் மணம் செய்தால் பிள்ளைக்கு என்ன நேரும் என்ற கேள்விக்கு விடை, ஒடுங்கு மரபணு எனப்படுவதில் இருக்கிறது. இரு படிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் உடலுக்கு ஊறு செய்யாமல் மறைந்து கிடப்பதும், தாய்வழியும் தந்தைவழியும் இரண்டுமே பழுதாக வந்து சேர்ந்தால் மட்டும் நோயாக வெளிப்படுவதும் அதன் இயல்பு. சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற அரிய நோயை ஆராய்ந்த லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட், அந்நோயாளிகளின் பெற்றோரில் உடன்பிறந்தோரின் பிள்ளைகளாக இருந்தவர்கள் வழக்கத்தைவிட மிகுதி என்பதை 1902இல் எடுத்துக்காட்டியபோது, மெண்டலின் விதி மனித நோய்க்கும் பொருந்தும் என்பதற்கு முதல் சான்று கிடைத்தது.

அத்தை மகனும் மாமன் மகளும் மணந்துகொண்ட ஒரு குடும்பத்தில் கணக்கைப் படிப்படியாகப் பார்க்கலாம். இருவருக்கும் பொதுவான தாத்தாவும் பாட்டியும் ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கு ஆளுக்கு இரண்டாக நான்கு படிகளை வைத்திருக்கின்றனர். அவற்றில் பாட்டியின் ஒரு படி பேரனை அடையும் வாய்ப்பு கால். அதே படி பேத்தியை அடையும் வாய்ப்பும் கால். இருவரும் அதையே தம் குழந்தைக்குக் கொடுக்கும் வாய்ப்பு மீண்டும் கால். மூன்றையும் பெருக்கினால் 64இல் ஒன்று. நான்கு படிகளுக்கும் சேர்த்தால் 16இல் ஒன்று. தாய்மாமன் அக்காள் மகளை மணக்கும்போது இடையில் ஒரு தலைமுறை குறைவதால் இது எட்டில் ஒன்றாக, அதாவது இரு மடங்காக உயர்கிறது. இரண்டையும் சொந்தத்தில் கட்டுவது என்ற ஒரே பெயரில் அடக்கிப் பேசும் வழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

நூற்றில் ஒருவர் ஒரு நோயின் பழுதான படியைச் சுமப்பதாகக் கொண்டால், உறவில்லாத தம்பதியருக்கு அந்நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40,000இல் ஒன்று; அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தாலோ ஏறத்தாழ 3,000இல் ஒன்று. நோய் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு இந்த மடங்கு கூடும். அதேநேரம் மொத்தக் கணக்கு அச்சுறுத்துவதாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்த 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வின்படி, பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு இத்தகைய மணங்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக இரட்டித்தது. ஆகவே, பெரும்பான்மைக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு ஏதுமில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவினரையே மணந்திருப்பதாக 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் நிலையில், அவர்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவது மருத்துவமும் ஆகாது, அறமும் ஆகாது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இந்த உறவுகளைத் தடைப்பட்டவையாக வரையறுத்துவிட்டு, வழக்காறு அனுமதித்தால் செல்லும் என்று விலக்களித்துள்ளது.

குலம் வேறு, கோத்திரம் வேறு, ஆகவே பாதிப்பு வராது என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக உள்ளது. குலம் தந்தைவழி இறங்குவது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமும் அவ்வாறே இறங்குகிறது. ஆனால் 46 குரோமோசோம்களில் அது ஒன்று மட்டுமே. அதிலுள்ள மரபணுக்களும் மிகக் குறைவு. குலம் வேறுபட்டிருப்பது எஞ்சியவற்றைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

எக்ஸ் குரோமோசோமின் பாதை இதைவிட நுட்பமானது. ஓர் ஆணின் எக்ஸ் அவனுடைய தாயிடமிருந்து மட்டுமே வருவதால், அவன் அத்தை மகளை மணந்தால், அவன் தாய் வேறு குடும்பத்தவளாக இருக்கும் வரை, பிறக்கும் மகளுக்கு ஒரே எக்ஸ் துண்டு இருபுறமும் வந்து சேர வழியில்லை. மாமன் மகளை மணந்தால், தாயும் மாமனாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால், அந்த வாய்ப்பு எட்டில் ஒன்று. மரபு விலக்கும் சித்தி மகள் உறவில் அது 16இல் மூன்றாக இன்னும் உயர்கிறது. ஆனால் அதே மரபு விலக்கும் சித்தப்பா மகள் உறவில் வாய்ப்பு பூச்சியம். முன்னோர் மரபணுவியல் அறிந்தே முறை வகுத்தனர் என்ற பெருமிதப் பேச்சுக்கு இந்த எண்கள் இடம் தருவதில்லை. உறவுமுறை மனித சமூகத்தின் படைப்பு, சொத்தும் மணமும் குடும்பக் கூட்டுறவும் சேர்ந்து உருவாக்கிய ஒழுங்கு என்று கொள்வதே பொருத்தம்.

இதுவரை சொன்ன எண்கள் அனைத்தும், தாத்தாவும் பாட்டியும் தமக்குள் உறவற்றவர்கள் என்ற எடுகோளின் மேல் நிற்பவை. தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில் இந்த எடுகோள் பொய்த்துவிடுவதால், உண்மையான பங்கு எட்டில் ஒன்றையும் தாண்டிவிடும். அசலில் பெண் எடுத்ததாகச் சொல்லும் குடும்பத்திலும் சாதிக்குள்ளேயே நிகழும் மணம், பெயரளவில் மறந்துபோன உறவுகளை மரபணு அளவில் மீண்டும் கூட்டிவைக்கிறது. தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த அறிவியலாளரும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 81 குழுக்கள் மிகச் சிறு தொகை மூதாதையரிடமிருந்து பெருகியவற்றின் அடையாளத்தைக் கொண்டிருந்தன. ஆந்திரத்தின் வைசிய சமூகத்தில் ஒரு குறிப்பிட்ட நொதியின் குறைபாடு அதிகம் காணப்படுவதற்கும் இதுவே காரணம். அக்குறைபாடு உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையின்போது தசை தளர்த்தும் சக்ஸினைல்கோலின் மருந்தைச் செலுத்தினால், சில நிமிடங்களில் மீள வேண்டிய தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும் என்பதால், அச்சமூகத்தவருக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் அதைப் பற்றிக் கேட்டறிவது மருத்துவருக்குப் பயனுள்ளதாகிறது.