ஒரே பெர்த், இரண்டு பயணிகள்

2010 இறுதியில் மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் நின்றது. தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 மே வரை ஆனது. போடிக்கு வர 2023 ஜூன் 15 வரை. சென்னை சென்ட்ரலில் இருந்து வாரம் மூன்று நாள் விரைவு ரயிலும் அப்போது போடி வரை நீண்டது. இந்த ஒரு ரயிலுக்கு மட்டும் டிக்கெட் விற்க ஒரு டேட்டாபேஸ் அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோட்டா, ஆர்.ஏ.சி., காத்திருப்போர் பட்டியல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டாலும் வேலை நிறையவே மிச்சமிருக்கும்.

தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் இந்த முறையை 1970இல் முன்வைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட். எந்தத் தகவலும் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து வளர்ந்த விதி. 2019 ஏப்ரலில் சென்ட்ரல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். டிக்கெட்தோறும் நிலையத்தின் பெயரை எழுதியிருந்தால் அத்தனையையும் திருத்த வேண்டும். டிக்கெட்டில் எம்.ஏ.எஸ். என்ற குறியீடு மட்டும் இருந்தால், நிலையங்களின் அட்டவணையில் ஒரே வரியைத் திருத்தினால் போதும். கட்டணத்துக்கு இது ஒத்துவராது. 2025 ஜூலை 1 முதல் ரயில் கட்டணம் கூடியது. அதற்கு முன்பு எடுத்த டிக்கெட்டில் பழைய தொகைதான் நிற்க வேண்டும். அதனால் விற்ற அன்றைய தொகையை டிக்கெட்டிலேயே எழுதிவைப்பதுதான் சரி.

அடுத்து பெர்த். 23ஆம் பெர்த்துக்கு நேராக ‘விற்றாயிற்று’ என்று குறிப்பது புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது. சென்ட்ரலில் ஏறியவர் கரூரில் இறங்கிவிட்டால், அதன்பின் போடி வரை அந்தப் பெர்த் காலியாகவே வரும். நாம் விற்பது தூரத்தை. முக்கிய நிறுத்தங்களுக்கு மட்டும் எண் கொடுப்போம்: சென்ட்ரல் 1, சேலம் 2, கரூர் 3, திண்டுக்கல் 4, மதுரை 5, தேனி 6, போடி 7. முதல் பயணியின் டிக்கெட் 1–3. இன்னொருவர் கரூரிலிருந்து தேனிக்குக் கேட்கிறார், 3–6. பழையவர் ஏறும் எண் புதியவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியதா? புதியவர் ஏறும் எண் பழையவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மோதல். இங்கே 3 என்பது 3ஐவிடச் சிறியதல்ல, பெர்த்தைக் கொடுக்கலாம். ‘சிறியது’ என்பதற்குப் பதில் ‘சிறியது அல்லது சமம்’ என்று நிரலில் எழுதிவிட்டால் கரூர்க்காரருக்கு இடமில்லை என்று பதில் வரும். யாரும் புகார் செய்ய மாட்டார்கள், பெர்த் சும்மா போகும்.

ஏ.சி. தட்கல் திறக்கும் காலை பத்து மணிக்கு இரண்டு பேர் ஒரே பெர்த்தை ஒரே நொடியில் பார்த்தால் இருவருக்கும் ‘காலி’ என்றுதான் தெரியும். நிரல் பார்த்துக்கொள்ளும் என்று விடக் கூடாது என்பது என் கட்சி. மோதும் வரியை ஏற்க மாட்டேன் என்று டேட்டாபேஸே மறுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் அந்தத் தடையை அட்டவணையிலேயே எழுதிவைக்கலாம்.

பணத்துக்குத் தனி அட்டவணை. ஒரு முன்பதிவுக்கு யு.பி.ஐ. இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை கார்டில் போகலாம்; மூன்றும் மூன்று வரிகள். பணம் வந்ததாக பேமென்ட் கேட்வே ஒரே செய்தியை இரண்டு தடவை அனுப்புவதும் உண்டு. அதன் பரிவர்த்தனை எண் அட்டவணையில் இரண்டாம் முறை வரக் கூடாது என்று தடை வைத்தால் இரட்டைக் கணக்கு ஏறாது. ரத்தானால் பழைய வரியை அழிப்பதில்லை. திருப்பிய தொகை புது வரியாகச் சேரும்.

பணம் போய், டிக்கெட் வராத கதை தெரிந்ததுதான். யு.பி.ஐ.யில் கடைக்காரருக்குச் செலுத்தி, உறுதி வராமல் போனால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. ‘தோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அந்த ஐந்து நாளை எண்ண முடியாது. பணம் கழிந்தது எப்போது, திரும்பியது எப்போது என்று இரண்டு நேரங்களும் அட்டவணையில் இருக்க வேண்டும்.