குட்டைக் காலும் கூடுதல் நகலும்

டாஷண்ட் நாய்க்குத் தலையும் உடம்பும் சரியான அளவில்தான் இருக்கும்; கால் மட்டும் குட்டை. பேட்ஜர் என்ற விலங்கு பதுங்கிய வளைக்குள் புகுந்து அதை மடக்குவதற்காக ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் அது.

கால் ஏன் குட்டையாயிற்று என்பதற்கு 2009-இல்தான் விடை கிடைத்தது. அமெரிக்காவில் எலைன் ஆஸ்ட்ராண்டரின் ஆய்வுக் குழு குட்டைக்கால் இனங்களையும் மற்ற இனங்களையும் ஒப்பிட்டது. டாஷண்ட், கோர்கி, பாசெட் ஹவுண்ட் போன்றவற்றில் எஃப்.ஜி.எஃப்.-4 என்ற மரபணுவின் ஜெராக்ஸ் ஒன்று 18-ஆம் குரோமோசோமில், இருக்கக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டியின் கால் எலும்பு நீள்வது அதன் முனையிலுள்ள குருத்தெலும்புத் தட்டில். அந்த மரபணு தரும் புரதம் அளவுக்கு மிஞ்சினால் அங்கே செல்கள் பெருகுவது மட்டுப்படும். எலும்பு நீளாமல் நின்றுவிடும்.

இதோடு போயிருந்தால் கவலையில்லை. 2017-இல் டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே மரபணுவின் இன்னொரு நகலை 12-ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். வம்பு இதில்தான். காலைக் குறுக்குவதோடு முதுகெலும்பையும் இது கெடுக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்க வேண்டிய டிஸ்க்கின் கூழ், நாய்க்கு ஒரு வயது ஆவதற்குள்ளேயே காய்ந்து சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. பிறகு ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தலாம். காலையில் ஓடியாடிய நாய் சாயங்காலம் பின்னங்கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும். கெய்ர்ன் டெரியர் போன்ற இனங்களில் பெரும்பாலும் முதல் நகல் மட்டுமே உண்டு; கால் குட்டைதான், முதுகுக்கு இந்த ஆபத்து குறைவு.

டாஷண்டில் இனத்தின் லட்சணம் என்று கொண்டாடப்படும் குட்டைக் கால், அலாஸ்கன் மாலமூட்டில் வந்தால் நோய். அங்கே காரணம் வேறு. முன்னங்கால்கள் வளைந்த குட்டிகள் பிறக்கும். அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களிலும் கோளாறு இருக்கும். தாயும் தகப்பனும் பார்வைக்கு நல்ல நாய்களாகவே இருப்பார்கள். இருவரிடமும் மறைந்திருக்கும் குறை குட்டியிடம் ஒன்றுசேரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஜெர்மன் ஷெப்பர்டின் கதை இன்னொரு தினுசு. சில குட்டிகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பி சரியாக வளராததால் வளர்ச்சி ஹார்மோன் கிடைக்காது. உடலின் விகிதம் குலையாமல் குள்ளமாகவே நிற்கும். குட்டிப் பருவத்துப் பஞ்சு முடி மாறாது, பின்னால் அதுவும் உதிரும். 'என்றும் குட்டி' என்று ஆசையாக வாங்கியவர்கள் சிகிச்சைக்கு அலைய வேண்டியிருக்கும். எல்.எச்.எக்ஸ்.-3 மரபணுவில் உள்ள பழுதே இதற்குக் காரணம். மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதால், பழுதைச் சுமக்கும் இரண்டு நாய்களை இணை சேர்க்காமல் தவிர்க்கலாம்.

டாஷண்டுக்கு அந்த வழியும் எளிதல்ல. 12-ஆம் குரோமோசோம் நகல் ஏறக்குறைய இனம் முழுக்கப் பரவியிருக்கிறது. அது இல்லாத டாஷண்டைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.