ஊர் கூடி இழுக்கும் தேர்... நண்பர்கள் கூடி முடிக்கும் கார்!

கட்டிலுக்கு அடியிலோ பீரோ மேலேயோ ஒரு மாடல் கார் கிட் கிடக்கிறதா? ஆசையாக வாங்கி, அட்டையைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "லீவு வரட்டும், கட்டிடலாம்" என்று மூடிவைத்தது? வெட்கப்படவே வேண்டாம். மாடல் கட்டும் பழக்கம் உள்ள யார் வீட்டுக்குப் போனாலும், கட்டி முடித்த கார்களைவிட பிரிக்காத பெட்டிகள்தான் அதிகமாக இருக்கும். வாங்குவது அஞ்சு நிமிஷ வேலை. முடிப்பது மாசக்கணக்கில் இழுக்கும். பாதியில் நின்ற வண்டியைத் தனியாகத் தள்ள யாருக்கும் மனசு வராது.

தனியாகத் தள்ள முடியாததை என்ன செய்யணும்னு திருநெல்வேலிக்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி மாசம் நெல்லையப்பர் தேர் எப்படி நகருது? ஆளுக்கொரு கை வடத்தில் வைக்கிறதால்தான். 2024 தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்து தேர் நின்றது. மாற்று வடம் பூட்டி மறுபடி இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தார்கள். யார் அதிக பலத்தோட இழுத்தாங்கன்னு அங்கே யாரும் மார்க் போடுறதில்லை. தேர் நிலைக்கு வரணும், அவ்வளவுதான்.

இதே கணக்கில் மாடல் கார் கட்டுவதற்குப் பெயர்தான் 'குரூப் பில்டு'.

குரூப் பில்டுன்னா என்ன?

ரொம்ப சிம்பிள். நாலைந்து நண்பர்கள் சேர்கிறீர்கள். ஒரு தீம், ஒரு தொடக்க நாள், ஒரு கடைசி நாள் முடிவு செய்கிறீர்கள். ஆளுக்கு ஒரு கிட். அவரவர் வீட்டில் அவரவர் கட்டணும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடணும். கடைசி நாளில் எல்லாக் கார்களும் ஒன்றாக வரிசையில் நிற்கணும்.

இதைப் போட்டி என்று சொன்னாலும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. முடித்தவர் எல்லாரும் ஜெயித்தவர்தான். ரெண்டு விதி மட்டும் கறாராக இருக்கட்டும். ஒன்று, தொடக்க நாளில் பெட்டியைத் திறந்து, பாகங்கள் வெட்டாமல் இருப்பதை போட்டோ போட வேண்டும். பாதியில் விட்ட பழைய கிட்டையும் சேர்க்கலாம். ஆனால் கால்வாசிக்கு மேல் வேலை முடிந்திருக்கக் கூடாது. பல குரூப் பில்டுகளில் இந்த 25 சதவீதக் கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. ரெண்டாவது, வாரம் ஒரு போட்டோ கட்டாயம். வேலையே நடக்கலைன்னாலும் "இந்த வாரம் ஒண்ணும் ஓடலை மக்கா"ன்னு ஒரு வரியாவது போடணும். சத்தமில்லாமல் காணாமல் போவதுதான் ஒரு கிட்டைக் கொல்லும்.

சின்னதாக்கிப் பார்ப்பது நமக்குப் புதுசா?

'இதெல்லாம் வெளிநாட்டு ஹாபி'ன்னு ஒதுக்க வேண்டாம். அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் ஞாபகம் இருக்கா? அம்மி, உரல், அடுப்பு, குடம் என ஒரு சமையற்கட்டையே உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு மரத்தில் கடைசல் பிடித்துத் தருவார்கள். அதுவும் ஒரு மினியேச்சர்தான். நுங்கு தின்ற பிறகு ரெண்டு கூந்தலைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் உருட்டிக்கொண்டு ஓடியவர்கள், சொந்தமாக வண்டி கட்டியவர்கள்தானே?

இன்னொரு ஆச்சரியம். மாடல் கார் உலகத்தில் பெரிய பெயரான ஜப்பானின் தமியா நிறுவனம், 1946-ல் ஷிசுவோகா நகரத்தில் ஒரு மர அறுவை ஆலையாகத்தான் தொடங்கியது. முதலில் செய்ததும் மர மாடல்கள். 1951-ல் தீ விபத்தில் பெரிய நஷ்டம். அதற்குப் பிறகு மர வியாபாரத்தை விட்டுவிட்டு மாடலை மட்டுமே பிடித்துக்கொண்டது. முதல் பிளாஸ்டிக் கிட் 1960-ல் வந்த யமாட்டோ போர்க்கப்பல். 1976-ல் போர்ஷே 934 மாடலைக் கொண்டுவரும்போது, நுணுக்கம் தப்பக் கூடாது என்பதற்காக ஒரு நிஜ போர்ஷே 911 காரையே வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார்கள்.

1/24 - அந்தக் கணக்கு என்ன?

கார் கிட் பெட்டிகளில் அதிகம் பார்க்கிற எண் 1/24. நிஜக் காரின் 24-ல் ஒரு பங்கு என்று அர்த்தம். நிஜத்தில் ஓர் அடி இருப்பது மாடலில் அரை அங்குலம். நம்ம அம்பாசடர் நீளம் சுமார் 4.3 மீட்டர். அதை 1/24-ல் கட்டினால் 18 சென்டிமீட்டர், ஒரு ஸ்கேல் நீளத்துக்குள் முடிந்துவிடும். மாருதி 800 என்றால் 14 சென்டிமீட்டர்தான். அமெரிக்க கிட்களில் 1/25 அதிகம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

முதல் தடவை கட்டுகிறவர் எடுத்ததும் 200 பாகம் உள்ள ரேஸ் காரில் கை வைக்க வேண்டாம். அயோஷிமா நிறுவனத்தின் 1/32 'ஸ்னாப் கிட்' வரிசையில் சுசுகி ஜிம்னி போன்ற கார்கள் கிடைக்கின்றன. பசையும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். கொஞ்சம் பழகியவர்களுக்கு தமியாவின் 1/24 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அல்லது மினி கூப்பர் சரியாக இருக்கும். ஒரே குரூப்பில் ஒருவர் ஸ்னாப் கிட், இன்னொருவர் முழு என்ஜினோடு கூடிய கிட் என்று கட்டுவதில் தப்பே இல்லை. வடம் பிடிக்கிற கைகள் எல்லாம் ஒரே அளவிலா இருக்கு?

தீமுக்கு யோசனை வேணுமா? 'நம்ம ரோட்டில் ஓடிய வண்டி' என்று வைத்துப் பாருங்கள். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நம்ம திருக்குறுங்குடியில், 1877-ல். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் 'கேஸ் பிளான்ட்' கருவியை அவரது நிறுவனம் செய்து கொடுத்தது. ஒரு பழைய வண்டி கிட்டின் பின்னால் அப்படி ஒரு கரி உருளையைச் சேர்த்துக் கட்டினால், கதையோடு ஒரு கார் கிடைக்கும்.

தைப் பொங்கல் டு பங்குனி உத்திரம்

எப்போது தொடங்குவது என்பது நம்ம பக்கம் முக்கியமான கேள்வி. ஏனென்றால் பெயின்ட்டுக்குப் பெரிய எதிரி வானிலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் அதிகம். அப்போது லாக்கர் பெயின்ட் அடித்தால் பளபளப்பு போய், பால் ஊற்றியது போல வெள்ளை படரும். சாரல் நாட்களில் தென்காசி, பாபநாசம் பக்கமும் இதே கதிதான். ஆடிக் காத்திலோ ஈரப் பெயின்ட் மேல் தூசி வந்து அப்பிக்கொள்ளும்.

அதனால் பொங்கலன்று தொடங்கி, பங்குனி உத்திரத்தன்று முடியுங்கள். ஏறக்குறைய 10 வாரம் கிடைக்கும். இன்னொரு வசதியும் உண்டு. சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என எங்கே வேலை பார்த்தாலும் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள்.

வாரக் கணக்கை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

முதல் 2 வாரம்: பாகங்களை எல்லாம் சரிபாருங்கள். சட்டகத்திலிருந்து பாகத்தைக் கையால் முறிக்காதீர்கள். நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். காரின் பாடியில் ஓடும் அச்சுக் கோட்டையும் தேய்த்து எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

3, 4-வது வாரம்: பாடிக்கு பிரைமர், பெயின்ட். பலரும் இதைப் பயந்து கடைசிக்குத் தள்ளுவார்கள். பாதி கிட்கள் நிற்பது இந்த இடத்தில்தான். காய்வதற்கு அதிக நேரம் எடுப்பதும் பாடிதான் என்பதால் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

5 முதல் 7-வது வாரம்: பாடி காயட்டும். அதற்குள் என்ஜின், அடிச்சட்டம், சீட், டேஷ்போர்டு, சக்கரம்.

8, 9-வது வாரம்: டீக்கல் ஒட்டுவது, கண்ணாடி பொருத்துவது, பாடியை அடிச்சட்டத்தோடு சேர்ப்பது.

10-வது வாரத்தைக் காலியாக விடுங்கள். எதுவோ ஒன்று கட்டாயம் சொதப்பும். அதைச் சரிசெய்ய நேரம் வேணும்.

கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வித்தை

பசை விஷயத்தில் ஒரு கவனம். மாடல் சிமென்ட் என்பது வெறும் பசை இல்லை. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கி, ரெண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். கொஞ்சம் வழிந்தாலும் தடம் விழும். அதனால் பிரஷ் முனையில் துளி போதும். ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் குளூவை கார் கண்ணாடிக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி பட்டு, கண்ணாடி மூடுபனி போல மங்கிவிடும். அங்கே சாதாரண ஃபெவிகாலே போதும். காய்ந்ததும் நிறமில்லாமல் தெளிந்துவிடும்.

பெயின்ட் அடிக்கத் தெரியலையா? உங்க தெருவில் டிங்கரிங், பெயின்ட்டிங் பட்டறை இருக்கும். நிஜக் காரை எப்படித் தேய்க்கிறார்கள், எப்படி மெல்லிசாகப் பல கோட் அடிக்கிறார்கள் என்று அரை மணி நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, ஒரு டவுட்டு"ன்னு கேட்டால் சந்தோஷமா சொல்லித்தருவாங்க. பெயின்ட் அடிக்கும் முன்னால் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் வாட்டர் பேப்பர் போடுவது எல்லாம் மாடலுக்கும் பொருந்தும். ஆனால் பட்டறையில் இருக்கும் தின்னரை மட்டும் அப்படியே வாங்கி ஊற்றிவிடக் கூடாது. அது மாடல் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். எதையும் முதலில் வெட்டிப்போட்ட சட்டகத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

தை மாசப் பனி இறங்கும் காலையில் அவசரப்படாமல், வெயில் ஏறிய பிறகு ஸ்பிரே அடியுங்கள். மொட்டை மாடி போன்ற காற்றோட்டமான இடம் வேண்டும். முகத்தில் மாஸ்க் கட்டாயம். துணி மாஸ்க் பெயின்ட் ஆவியைத் தடுக்காது, அதற்கென உள்ள ஃபில்டர் மாஸ்க் வாங்குங்கள். அடித்து முடித்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டு, ரெண்டு நாளைக்குத் தொடாதீர்கள். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மாதிரி, "லேய், கை வைக்காத, காயட்டும்"னு சொல்ல குரூப்பில் ஒருத்தர் இருந்தால் பல கார்கள் கைரேகையிலிருந்து தப்பிக்கும்.

காசு இடிக்குதா?

நியாயமான கேள்வி. ஒரு 1/24 கிட்டுக்கு சில ஆயிரம் ரூபாய் ஆகும். மேலே பெயின்ட், கருவிகள் வேறு. இங்கேயும் குரூப் கைகொடுக்கும். நிப்பர், கத்தி ஆளுக்கொன்று இருக்கட்டும். பெயின்ட், டீக்கல் திரவம், ஏர்பிரஷ் போன்றவற்றைப் பங்கு போட்டு வாங்குங்கள். ஒரு சின்ன பாட்டில் பெயின்ட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்களுக்கு அடிக்கலாம்.

கிட்டே வாங்க முடியாதவர் என்ன செய்ய? தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஃபோம் ஷீட்டையும் அட்டையையும் வெட்டி, அரசு பஸ்களை அச்சு அசலாகச் செய்யும் பசங்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 11 மீட்டர் பஸ், 1/24-ல் 46 சென்டிமீட்டர். கிட்டில் வரும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், ஜன்னல் கம்பி வரைக்கும் சொந்தக் கையால் வெட்டியது. அதையும் சேர்த்துக்கொள்வதுதான் நல்ல குரூப் பில்டு. பணம் இருக்கிறவர் மட்டும் சேரும் இடமாக அது ஆகிவிட்டால், வடத்தில் பாதிக் கை குறைந்த மாதிரிதான்.

கடைசி நாள்

பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்துவிட்டு, வேலைக்காகத் திசைக்கொன்றாகப் பிரிந்த நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப் ஒன்று உங்கள் போனிலும் இருக்கும். இப்போது அதில் பிறந்தநாள் வாழ்த்தும் ஃபார்வர்டும் தவிர வேறென்ன வருது? வாரம் ஒரு தடவை, "இந்த பம்பர் ஏம்ல ஒட்டவே மாட்டேங்குது?" என்று ஒரு போட்டோ வந்தால், அதற்கு நாலு பேர் பதில் சொன்னால், அந்த குரூப்புக்கு மறுபடி உயிர் வரும். பேச ஒரு காரணம் இருந்தால் நட்பு தானாகப் பேசும்.

பங்குனி உத்திரம் முடிந்து ஊரில் இருக்கும்போதே, யார் வீட்டுத் திண்ணையிலாவது கார்களை வரிசையாக நிறுத்துங்கள். ஒன்றில் பெயின்ட் வழிந்திருக்கும், ஒன்றில் ஹெட்லைட் கோணலாக இருக்கும். பரவாயில்லை, நிலைக்கு வந்த தேரில் யாரும் கீறல் தேட மாட்டார்கள். இன்னும் முடிக்காதவர் யாராவது இருந்தால் கிண்டல் பண்ணிவிட்டு விட்டுவிடாதீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து அந்தக் காரையும் முடித்து வரிசையில் நிறுத்துங்கள்.

இப்போது போனைக் கீழே வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. அந்தப் பெட்டியைத் தூசி தட்டி, ஒரு போட்டோ எடுத்து, நண்பர்கள் குரூப்பில் போட்டுக் கேளுங்கள்: "யாரெல்லாம் வாறியல?"