வாட்ச் 1500 மீட்டர்னு காட்டினா, அது 1500 மீட்டர்தானா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

வாசுதேவநல்லூர்ல ஒரு தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிட்டு இருக்கார்னு வச்சுக்குவோம். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து, நெற்கட்டும்செவல் போற ரோட்டுல ஓடுறார். கையில ஸ்போர்ட்ஸ் வாட்ச். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடணும். வாட்ச்ல 1500 வந்ததும் நிறுத்திப் பார்க்கிறார். 6 நிமிஷம் 55 விநாடி. அப்பாடா, பாஸ்!

ஆனா வாட்ச் ஒரு 3 சதவீதம் கூட்டிக் காட்டியிருந்தா? அவர் உண்மையில ஓடினது சுமார் 1455 மீட்டர்தான். அதே வேகத்துல மிச்ச 45 மீட்டரையும் ஓடி முடிச்சா, 7 நிமிஷம் 8 விநாடி ஆகிடும். செலக்‌ஷன் மைதானத்துல அது ஃபெயில். அதனாலதான் இன்னைக்கு இந்த டாபிக்.

வாட்ச் எதை அளக்குது?

முதல் விஷயம், வாட்ச் தூரத்தை நேரடியா அளக்கவே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொண்ணும் "நான் இங்க இருக்கேன், மணி இது"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அந்தச் சிக்னல் எவ்வளவு தாமதமா வந்து சேருதுன்னு பார்த்து, வாட்ச் தன்னோட இடத்தைக் கணக்குப் போடுது. இதுக்குக் குறைஞ்சது நாலு செயற்கைக்கோள் வேணும். மூணு இடத்தைக் கண்டுபிடிக்க, நாலாவது வாட்ச் கடிகாரத்தோட பிழையைச் சரிசெய்ய. ஒளி ஒரு நானோ விநாடியில 30 சென்டிமீட்டர் போகும். அதனால 10 நானோ விநாடி தப்பினாலே 3 மீட்டர் போச்சு.

இப்படிக் கிடைக்கிற இடங்களைப் புள்ளி புள்ளியா வச்சு, கோடு போட்டுச் சேர்த்து, கோட்டோட நீளத்தைத்தான் "நீ ஓடின தூரம்"னு காட்டுது.

நகர்த்துற பிழை, குதிக்கிற பிழை

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு விசேஷம் இருக்கு. பூமியோட காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியா வழியாத்தான் போகுது. 1963-ல தும்பாவை ராக்கெட் ஏவுற இடமா தேர்ந்தெடுத்ததுக்கும் அதுதான் காரணம். திருநெல்வேலி பக்கத்துல கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தோட ஆய்வகம் இருக்கிறதும் இதுக்காகத்தான். இந்தப் பகுதிக்கு மேல இருக்கிற அயனி மண்டலம் ஜிபிஎஸ் சிக்னலைத் தாமதப்படுத்தும். பகல்ல அதிகம், விடியற்காலையில குறைவு.

பயப்பட வேண்டாம். இந்தப் பிழை மெதுவா மாறுறது. மேப்ல உங்க கோடு ரோட்டை விட்டு நாலு மீட்டர் தள்ளி, வயலுக்குள்ள ஓடின மாதிரி தெரியலாம். ஆனா மொத்தக் கோடும் சேர்ந்து நகர்றதால, நீளம் பெருசா மாறாது.

தூரத்தைக் கெடுக்கிறது குதிக்கிற பிழை. சிக்னல் சுவத்துல பட்டுத் திரும்பி வர்றது, அடர்ந்த மரத்துக்குக் கீழ பலவீனமாகிறது, நம்ம உடம்பே மறைக்கிறது, இதெல்லாம் அதுல சேரும். புள்ளிகள் இடமும் வலமுமாத் தாவும். நேர் ரோட்டுல நீங்க நேரா ஓடினாலும் கோடு வளைஞ்சு நெளிஞ்சு போகும், தூரம் கூடும். வளைவுல இதுக்குத் தலைகீழ். புள்ளிகளுக்கு நடுவுல குறுக்குக் கோடு விழுறதால தூரம் குறையும்.

புது வாட்ச்கள்ல "டூயல் பேண்ட்"னு போட்டிருப்பாங்க. எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) ரெண்டு அலைவரிசையையும் வாங்கும். எல்5 சிக்னல்ல நேரா வந்தது எது, பட்டுத் திரும்பினது எதுன்னு பிரிக்கிறது சுலபம். உயரமான கட்டடங்களுக்கு நடுவுல ஓடுறவங்களுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். திறந்த வயல்வெளி ரோட்டுல அவ்வளவு இருக்காது.

அப்போ என்ன செய்யலாம்?

வெளியே வந்ததும் ஓட ஆரம்பிக்காதீங்க. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு தடவைதான் முழுசா அனுப்பும். ஜிபிஎஸ் ரெடின்னு காட்டின பிறகும் ஒரு நிமிஷம் பொறுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி போனோட சிங்க் பண்ணிட்டா இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பேட்டரி சேமிக்கிற மோடை ஆஃப் பண்ணி, விநாடிக்கு ஒரு புள்ளி பதியிற மாதிரி வைங்க.

பக்கத்துல 400 மீட்டர் டிராக் இருந்தா வாட்சை மறந்துடுங்க. முதல் லேன்ல மூணே முக்கால் ரவுண்டுதான் 1500. எட்டாவது லேன்ல ஓடினா ஒரு ரவுண்டே சுமார் 453 மீட்டர் வந்துடும்.

டிராக் இல்லையா? 50 மீட்டர் டேப் ஒண்ணு, கூட ஒரு நண்பர், ஒரு சாக்பீஸ் போதும். வண்டி அதிகம் வராத நேர் ரோட்டுல 15 தடவை டேப் பிடிச்சா 750 மீட்டர். போய்த் திரும்பினா 1500. ஒவ்வொரு தடவையும் 2 சென்டிமீட்டர் தப்பினாலும், மொத்தத்துல வர்ற பிழை 60 சென்டிமீட்டர்தான். எந்த வாட்சும் இந்தத் துல்லியத்தைத் தராது.

மாரத்தான் பாதையையும் ஜிபிஎஸ் வச்சு அளக்கிறதில்லை. சைக்கிள் முன்சக்கரத்துல ஒரு எண்ணி மாட்டி, சக்கரம் சுத்தினதை வச்சுத்தான் அளக்கிறாங்க. தூரம் குறைஞ்சுடக் கூடாதுன்னு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவும் சேர்ப்பாங்க. முழு மாரத்தான்ல உங்க வாட்ச் 42.195-ஐத் தாண்டிக் காட்டினா, அமைப்பாளர்கள் மேல கோபப்படாதீங்க.

வாட்ச் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. வாரா வாரம் முன்னேறுறீங்களான்னு பார்க்க, இதயத் துடிப்பைக் கவனிக்க, நீண்ட ஓட்டத்துக்கு அது தாராளமாப் போதும். ஆனா 7 நிமிஷத்துல வேலை முடிவாகும்னா, தூரத்தை டேப்ல அளங்க, நேரத்தை மட்டும் வாட்ச்ல பாருங்க. அளந்த தூரத்துல 6 நிமிஷம் 40 விநாடி வர்ற வரைக்கும் பயிற்சியை விடாதீங்க. அந்த 20 விநாடி, செலக்‌ஷன் அன்னைக்கு வர்ற பதட்டத்துக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். நல்லா ஓடுங்க!