குளோரினைக் காக்கும் மடிப்புத் துணி

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. பூக்களைப் பார்க்கப் போனவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பின்னர் வெளிவந்த ஆய்வு கணக்கில் எடுத்த நோயாளிகள் 188 பேர். உயிரிழப்பு முப்பதைத் தாண்டியது. குற்றவாளி லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா. அது கிளம்பி வந்த இடமாக ஆய்வாளர்கள் கைகாட்டியது, கண்காட்சியில் விற்பனைக்காக ஓடவிட்டு வைத்திருந்த, ஹாட் டப் எனப்படும் ஒரு வெந்நீர்க் குமிழித் தொட்டியை. அந்தத் தொட்டியருகே நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது தெரியவந்தது. இருபது ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃப்ளெட்சர் என்ற ஊரின் திருவிழாச் சந்தையில் இதே கதை திரும்ப நடந்தது: 130-க்கும் மேற்பட்டோருக்கு நோய், நான்கு சாவு, காரணம் அங்கேயும் காட்சிக்கு வைத்த ஹாட் டப்புகள். குமிழியோடு எழும் நுண்ணிய நீர்த்துளிகளைச் சுவாசித்ததே போதுமானதாக இருந்தது.

இதைக் கேட்டதும் யாருக்கும் எழும் முதல் கேள்வி, தொட்டியில் ஃபில்டர் இருக்குமே, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்குள் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஹாட் டப் ஃபில்டர் கிருமிகளைப் பிடிப்பதே இல்லை. அதில் இருப்பது பாலியஸ்டர் இழைகளை வெப்பத்தால் ஒட்டவைத்துச் செய்த, நெய்யப்படாத துணி. அதன் இடைவெளிகள் ஏறத்தாழ இருபது மைக்ரான் அளவில் இருக்கும். லீஜியோனெல்லாவின் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி, தோல் செதில், புழுதி எல்லாம் சிக்கும். பாக்டீரியா தடையில்லாமல் போய்வரும். கிருமியைக் கொல்வது தண்ணீரில் கரைந்திருக்கும் குளோரினோ புரோமினோதான். ஃபில்டரின் வேலை, அந்த குளோரின் கண்ட அழுக்கிலும் செலவாகித் தீர்ந்துவிடாமல் காப்பது. எந்த கார்ட்ரிட்ஜை (கழற்றி மாட்டும் ஃபில்டர் உருளையை) வாங்குவது, எப்படிக் கழுவுவது, எப்போது தூக்கிப்போடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு உண்மையிலிருந்துதான் பிறக்கிறது. கடைக்காரர்களும் விளம்பரங்களும் இதை மட்டும் சொல்வதில்லை.

குளோரினுக்கு ஏன் இத்தனை நெருக்கடி என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். வீட்டு ஹாட் டப்பில் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர் இருக்கும். 1,500 லிட்டரில் நான்கு பேர் உட்கார்ந்தால், அதே விகிதத்தில் 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்க வேண்டியிருக்கும். அத்தனை பேரின் வியர்வையும் உடல் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் சேர்ந்த தண்ணீர், அதுவும் 40 டிகிரி செல்சியஸ் வரை சூட்டில். அந்தச் சூட்டில் குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகும். லீஜியோனெல்லாவுக்கோ 20 முதல் 45 டிகிரி வரை கொண்டாட்டம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஹாட் டப்பில் குளோரின் குறைந்தது 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) அல்லது புரோமின் 4 முதல் 8 பி.பி.எம். இருக்க வேண்டும் என்கிறது. ஃபில்டரில் வாரக்கணக்கில் எண்ணெயும் தோலும் படிந்து கிடந்தால், ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் அதன் ஊடாகத்தான் போய்வருகிறது. போகும்போதெல்லாம் குளோரினை அந்த அழுக்கு தின்றுவிடுகிறது. அழுக்கின் மேல் பாக்டீரியாக்கள் கூட்டாகப் படலம் கட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். படலத்துக்குள் இருக்கும் கிருமியை எட்டுவதற்குள் மருந்து தீர்ந்துவிடும். அழுக்கேறிய ஃபில்டர் பயனற்றுப்போகிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. அது எதிரிக்குக் குடியிருப்பாகவே ஆகிவிடுகிறது.

அப்படியானால் குளோரினை இன்னும் கூட்டிப் போட்டால் போயிற்று என்று சிலர் வாதிடுவார்கள். கொஞ்ச நாளைக்கு அது எடுபடும். ஆனால் வீடுகளில் பெரும்பாலும் போடுவது டைகுளோர் என்ற குருணை. அது 10 பி.பி.எம். குளோரினைத் தரும்போது கூடவே 9 பி.பி.எம். சயனூரிக் அமிலத்தையும் தண்ணீரில் விட்டுவிடும். குளோரின் செலவாகும், அமிலம் அப்படியே தங்கும். சேரச்சேர அது குளோரினின் கொல்லும் வேகத்தைக் குறைக்கும். பரிசோதனைத் தாளில் குளோரின் தாராளமாகத் தெரியும், கிருமி மட்டும் சாகாது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அமோனியாவோடு சேரும் குளோரின் குளோரமின்களாக மாறிக் கண்ணை எரிக்கும். குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடையைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம்; உண்மையில் அது அழுக்கோடு மல்லுக்கட்டி ஓய்ந்த குளோரினின் வாடை.

சரி, துளை இன்னும் நுண்ணியதாக உள்ள ஃபில்டரை வாங்கினால் என்ன? துளை சிறுத்தால் தண்ணீர் போகும் வேகமும் குறையும், சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், ஹீட்டருக்குப் போதிய நீரோட்டம் கிடைக்காமல் தொட்டி பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது பரப்பளவை. பரவலாகப் புழங்கும் ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். யூனிசெல் நிறுவனத்தில் அதன் எண் சி-4950, ப்ளீட்கோவில் பி.ஆர்.பி.50-ஐ.என்., ஃபில்பரில் எஃப்.சி.-2390. பெயர் மூன்று, பொருள் ஒன்று. ஏறக்குறைய ஐந்து அங்குல விட்டம், பதின்மூன்று அங்குலத்துக்குச் சற்று கூடுதலான நீளம். இந்த உருளையின் வெளிப்புறத்தை மட்டும் அளந்தால் ஒன்றரை சதுர அடிகூடத் தேறாது. ஆனால் அதற்குள் புடவைக் கொசுவம் போல மடித்து வைத்திருக்கும் துணியைப் பிரித்து விரித்தால் 50 சதுர அடி. அதே தண்ணீர் அதிகப் பரப்பில் பிரிந்து ஊடுருவும்போது ஒவ்வோர் இடத்திலும் வேகம் தணிகிறது. மெதுவாகப் போகும் நீரிலிருந்துதான் துகள் நன்றாக ஒட்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. பெட்டியில் பெரிய எண்ணைப் போடுவதற்காக மடிப்புகளை நெருக்கி அடைத்தால், உள்மடிப்பு வரை தண்ணீர் எட்டாது. எட்டாத துணி கணக்கில் மட்டும்தான் இருக்கும். மடிப்புகளுக்கு நடுவே விரலால் லேசாக விலக்க முடிகிறதா என்று பார்ப்பது, அட்டையில் அச்சடித்த எண்ணைவிட நம்பகமான சோதனை. மேலும் கீழும் உள்ள மூடிகளின் துளை அளவும், திருகு வகையாக இருந்தால் மரையின் பருமனும் அச்சாகப் பொருந்த வேண்டும். சிறு இடைவெளி விட்டாலும் தண்ணீர் துணியைச் சுற்றிக்கொண்டு குறுக்குவழியில் போய்விடும்.

வெள்ளி அயனி கலந்த, கிருமி எதிர்ப்புத் துணி என்று கூடுதல் விலையில் விற்கிறார்களே என்று கேட்கலாம். துணியின் மேல் கிருமி வளர்வதை அது ஓரளவு மட்டுப்படுத்தலாம். ஆனால் துணியை எண்ணெய்ப் படலம் மூடிய பிறகு வெள்ளிக்கும் கிருமிக்கும் நடுவே ஒரு திரை விழுந்துவிடுகிறது. அந்தப் பணத்தில் இரண்டாவது சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது என் பார்வையில் நல்ல கணக்கு.

கழுவுவதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. முதல் பிழை, துணி வெளுப்பாகத் தெரிந்தால் சுத்தம் என்று எண்ணுவது. குழாய்த் தண்ணீரை மேலிருந்து கீழாகச் சாய்வாகப் பாய்ச்சி ஒவ்வொரு மடிப்பாக அலசினால் முடியும் புழுதியும் போய்விடும், எண்ணெய் போகாது. பாலியஸ்டருக்கு எண்ணெயோடு இயல்பாகவே ஒட்டு அதிகம். எண்ணெயை எடுக்கக் காரம் வேண்டும். அதற்கென விற்கும் ஃபில்டர் கிளீனரையோ ட்ரைசோடியம் பாஸ்பேட்டையோ கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தால், கொழுப்பு கரைந்து அலசும்போது வெளியேறும். தண்ணீர் கடினமான ஊரில் துணியில் சுண்ணாம்பும் படியும். அதற்கு நீர்த்த அமிலம். இந்த இரண்டின் வரிசை மாறக்கூடாது. எண்ணெய் இருக்கும்போதே அமிலத்தில் போட்டால், இழைகளில் மிச்சமிருக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருள்கள் தண்ணீரில் கரையாத கொழுப்பு அமிலமாக மாறி அங்கேயே இறுகிவிடும். அப்புறம் எந்தக் கரைசலுக்கும் அது மசியாது, கார்ட்ரிட்ஜ் வீண். சுண்ணாம்பு இல்லாத இடத்தில் அமிலமே வேண்டாம். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் சேர்த்தால் எழுவது நச்சு வாயு. அதில் விளையாட்டே கூடாது.

அழுத்தமாக நீர் பீய்ச்சும் இயந்திரத்தைப் பிடித்தால் சட்டென்று வேலை முடியும், ஆனால் ஒட்டியிருந்த இழைகள் பிரிந்து துணியில் ஓட்டை விழும். கம்பி பிரஷும் அப்படியே. பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டால் அடுத்த முறை தொட்டியே நுரைத்துத் தள்ளும். கார்ட்ரிட்ஜைக் கழற்றியிருக்கும் நேரத்தில் பம்பை ஓடவிடவும் கூடாது. தடுக்க ஆளில்லாத குப்பை நேராக ஹீட்டருக்குப் போகும். இன்னொரு விசித்திரம்: புத்தம்புதிய துணியைவிட, சில நாள் ஓடி லேசாகப் படிவு ஏறிய துணி நுண்ணிய துகள்களை நன்றாகப் பிடிக்கும். படிவே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. ஆகவே தினமும் கழற்றிக் கழுவுகிறவர் தன் ஃபில்டரின் திறனைத் தானே குறைக்கிறார். வாரம் ஒருமுறை அலசலும், சில வாரங்களுக்கு ஒருமுறை ஊறலும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

ஓராண்டு ஆனதும் மாற்று, மிஞ்சிப்போனால் இரண்டு என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இது விற்பனைத் தந்திரம்தானே என்ற சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் இறங்கும் தொட்டியும், தினமும் ஆள் மாறும் விடுதித் தொட்டியும் ஒரே காலண்டரில் ஓட முடியாது. பாலியஸ்டர் கழிவு மட்கவும் மட்காது. தேவையில்லாமல் மாற்றுவது நல்லதல்ல. ஆனால் கண்ணுக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஐந்தாண்டு ஓட்டுவதற்கும் இது நியாயமாகாது. மடிப்புகள் சப்பையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, துணி பிசிர் விட்டாலோ, மூடி விரிசல் கண்டாலோ விவாதத்துக்கே இடமில்லை. இவை எதுவும் இல்லாதபோது குளோரினையே சாட்சிக்கு அழைக்கலாம். ஊறவைத்து அலசிய கார்ட்ரிட்ஜைப் போட்டு, யாரும் இறங்காத ஓர் இரவில் படுக்கும்முன் குளோரினை அளக்க வேண்டும், காலையில் மறுபடி அளக்க வேண்டும். வழக்கமான இரவுகளைவிட அதிகம் குறைந்திருந்தால், தொட்டிக்குள் ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. அடுத்த இரவு புது கார்ட்ரிட்ஜைப் போட்டு அதே அளவு பார்த்தால் விடை தெரிந்துவிடும். குறைவு நின்றால் பழைய துணி கழுவிச் சரிசெய்யும் நிலையைக் கடந்துவிட்டது. நிற்கவில்லை என்றால் கிருமிப் படலம் குழாய்களுக்குள் இருக்கக்கூடும். அப்போது தண்ணீரை முழுக்க வடித்து, குழாய்களைச் சுத்தம் செய்த பிறகே புது ஃபில்டரால் பயன் உண்டு.