வீட்டு ஒலிப்பதிவில் குரல் செப்பனிடல்

வீட்டு ஒலிப்பதிவில் குரல் செப்பனிடல் என்பது, வீட்டின் ஓர் அறையில் பதிவு செய்த பாட்டுக் குரலைக் கணினி மென்பொருளின் உதவியால் திருத்தி, பின்னணி இசையோடு பொருந்துமாறு கலக்கும் பணியாகும். சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டும். குரல் இசைக்குள் அமுங்கவும் கூடாது, தனித்துத் துருத்திக்கொண்டு நிற்கவும் கூடாது. ஆடாசிட்டி, ரீப்பர், லாஜிக் புரோ முதலிய மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் 2000ஆம் ஆண்டு வெளியான ஆடாசிட்டி, கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள் ஆகும்.

பின்னணி

முன்பு இப்பணிக்குப் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்பட்டன. குரலுக்கு எதிர்முழக்கம் சேர்க்க 1957இல் ஜெர்மனியில் உருவான இஎம்டி 140 என்னும் உலோகத் தகட்டுக் கருவி சுமார் 270 கிலோ எடை கொண்டது. இன்று அதே வேலையை மடிக்கணினியில் ஒரு சிறு மென்பொருள் செய்கிறது. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட முதல் ஆல்பம், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிசில் உள்ள அவரது வீட்டில், அவருடைய அண்ணன் ஃபினியசின் படுக்கையறையில் பதிவானது. அது 2020இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. எனினும் அதன் கலவையைச் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்னும் ஒலிப்பொறியாளர். நல்ல பதிவு, தேர்ந்த கலவை ஆகிய இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை.

பதிவில் கவனிக்க வேண்டியவை

செப்பனிடலால் எல்லாக் குறைகளையும் நீக்க முடியாது. பாடுபவருக்கு 1.7 மீட்டர் தொலைவில் வெறும் சுவர் இருந்தால், குரல் அதில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகும். இது தனி எதிரொலியாகக் காதில் விழாது. குடத்துக்குள் பாடுவது போன்ற ஒலியாகவே கேட்கும். திரும்பி வருவதும் அதே குரல்தான் என்பதால், மென்பொருளால் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. எனவே மெத்தை, கனத்த திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி ஆகியவற்றுக்கு அருகில் பாடுவது நல்லது.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. இடைவெளி போதுமானது. ‘ப’ போன்ற எழுத்துகளில் வெளிப்படும் காற்று மைக்கைத் தாக்காதிருக்க, நடுவே வலைத்திரை வைக்கப்படும். உரத்த இடங்களிலும் ஒலி அளவு −6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 0 டெசிபெலைத் தாண்டினால் ஒலியலையின் முகடு வெட்டுப்பட்டுக் குரல் சிதைந்துவிடும். பாடும் முன் ஐந்து நொடி அமைதியையும் பதிவு செய்து வைத்தால், மின்விசிறி போன்ற சீரான இரைச்சலை மென்பொருள் இனம் கண்டு குறைக்க உதவும்.

செப்பனிடும் படிகள்

1. தொகுத்தல்: ஒரே பாடலை மூன்று, நான்கு முறை பாடிப் பதிந்து, ஒவ்வொரு வரிக்கும் சிறந்ததைத் தேர்ந்து இணைப்பர். மூச்சொலியை அறவே வெட்டினால் குரல் இயல்பிழக்கும். அதன் அளவைக் குறைத்தாலே போதும்.

2. சுருதித் திருத்தம்: 1997இல் வெளியான ஆட்டோ-டியூன் இதற்குப் பெயர் பெற்றது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன் எண்ணெய் வளம் தேடும் நிலநடுக்க அலை ஆய்வில் பணியாற்றியவர். விலகிய சுரத்தை அருகிலுள்ள சுரத்துக்கு இம்மென்பொருள் இழுக்கும். கமகம் நிறைந்த கர்நாடக இசைக்கு இதைத் தானியங்கியாகவும் விரைவாகவும் இயக்கினால், சுரங்களுக்கிடையே உள்ள வளைவு படிக்கட்டுப் போல் உடையும். அத்தகைய பாடல்களில் பிசகிய இடத்தை மட்டும் கையால் திருத்துவதே ஏற்றது.

3. ஈக்குவலைசர்: அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. பொதுவாக 80 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள உறுமல் நீக்கப்படும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சற்றுக் குறைத்தால் மந்தம் விலகும். 3000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை சிறிது கூட்டினால் சொல் துலங்கும்.

4. கம்ப்ரசர்: உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது. வரம்பு −18 டெசிபெல், விகிதம் 4:1 எனக் கொள்வோம். −10 டெசிபெலில் வரும் ஒலி வரம்பை 8 டெசிபெல் மீறுகிறது. அந்த மீறல் நான்கில் ஒன்றாகி, ஒலி −16 டெசிபெலாக வெளிவரும். −24 டெசிபெலில் வரும் ஒலி மாறாது. ஆகவே 14 டெசிபெல் இடைவெளி 8 ஆகிறது. பின்னர் மொத்தத்தையும் 6 டெசிபெல் உயர்த்தினால் மெல்லிய சொற்களும் தெளிவாகக் கேட்கும். ஆனால் அறை இரைச்சலின் வீச்சும் இரு மடங்காகிவிடும். அமைதியான அறையில் பதிய வேண்டியதன் காரணம் இதுவே.

5. சீறொலிக் குறைப்பு: ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் 5000 ஹெர்ட்சுக்கு மேல் கூர்மையாக ஒலிக்கும். டி-எஸ்ஸர் என்னும் கருவி அவ்விடங்களை மட்டும் அமுக்கும். அளவு மிஞ்சினால் பாடுபவருக்கு நாக்குத் தடிப்பது போலாகும்.

6. எதிர்முழக்கம்: குரலுக்கு இடப்பரப்பைத் தருவது. இதனைத் தனித் தடத்தில் வைத்துத் தேவையான அளவு கலப்பர். மூலக் குரலுக்கும் எதிர்முழக்கத்துக்கும் இடையே 20 முதல் 40 மில்லி நொடி இடைவெளி விட்டால் சொற்கள் மங்காது.

இசையோடு கலத்தல்

குரல் பெரும்பாலும் நடுவில் வைக்கப்படும். சொல் கேட்கவில்லையெனில் குரலை உயர்த்திக்கொண்டே போவதைவிட, அதே அதிர்வெண்ணில் ஒலிக்கும் கித்தார், கீபோர்டு ஆகியவற்றை அவ்விடத்தில் 2 அல்லது 3 டெசிபெல் குறைப்பது பயன் தரும். அதன் பிறகும் அமுங்கும் சொற்களை ஒவ்வொன்றாக உயர்த்துவர்.

சரிபார்த்தல்

சற்று உரத்து ஒலிப்பது எதுவும் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். ஆதலால் ஒவ்வொரு படியிலும் திருத்தியதையும் திருத்தாததையும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு தெரியாவிடில் அத்திருத்தம் தேவையற்றது. முடிந்த கலவையை ஹெட்ஃபோன், கைப்பேசி, சிறு ஒலிபெருக்கி ஆகியவற்றில் குறைந்த ஒலியில் கேட்பது வழக்கம். பாடல் வரிகளை அறியாத ஒருவர் கேட்டு, சொற்களைப் பிழையின்றித் திருப்பிச் சொல்ல முடிந்தால் குரல் உரிய இடத்தில் அமைந்துள்ளது எனலாம்.